ஏழாம் எண் பேரிமரத்துக்குக் கருமாதி

பகலும் இரவும் சமமாகிற இலையுதிர்கால வாரத்தில் ஊர்ச்சனம் எல்லாம் முன்னோரின் கல்லறையைக் கழுவப் போகும். தொபிதா மட்டும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கதிர்வழிக் கனிமர ஆராய்ச்சி நிலையத்துக்குப் போவார். அங்கே மரங்களுக்குக் கருமாதி. அவருக்கு முன்வரிசையில் நாற்காலி, நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு வெள்ளைப் பூ, திரும்பும்போது ஒரு டப்பா பச்சைத் தேயிலை. அவர் அங்கே விருந்தாளி இல்லை, இறந்தவர்களின் குடும்பத்தார். அவருடைய அப்பா காலத்தில் நிலையத்தார் வந்து, நாட்டுக்காகக் கொஞ்சம் பேரிக்கன்று கொடுங்கள் என்று குனிந்து நின்றார்களாம். மனிதர் இளகிப்போய்க் கொடுத்துத் தொலைத்தார். அன்றிலிருந்து அந்தக் குடும்பம் துக்க வீடு.

நிலையத்தின் வேலையைச் சொல்வது எளிது. குன்றின் மேல் வட்டமாக ஒரு நிலம், சுற்றிலும் வீட்டுக் கூரையை விட உயரமான மண்கரை. நட்டநடுவே ஒரு கம்பம், அதற்குள் கோபால்ட். மத்தியானம் சங்கு ஊதியதும் கோபால்ட் மேலே ஏறும். மறுநாள் காலை அதை இறக்கி மூடும்வரை, வளையம் வளையமாக நட்டுவைத்த மரங்களை அதன் கதிர் துளைத்துக்கொண்டே இருக்கும். கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மரம் செத்துப்போகும். கரையோரம் நிற்கிற மரத்துக்கு ஒன்றும் ஆகாது. இடைப்பட்ட மரங்களில் எங்கேயாவது ஒரு மொட்டு தன் பிறவிக்குணத்தை மாற்றிக்கொள்ளும். மாறியதில் முக்கால்வாசி உருப்படாமல் போகும். லட்சத்தில் ஒன்று நல்லபடியாக மாறினால் அந்தக் கிளையிலிருந்து ஒட்டுக்குச்சி வெட்டி நாடெல்லாம் கட்டலாம். அந்த ஒரு மொட்டுக்காகத்தான் கம்பம், கரை, சங்கு, சம்பளம் எல்லாம். முப்பது வருஷமாகியும் அந்த மொட்டு வந்தபாடில்லை. நிலையத்தில் மாறியது பெயர்ப்பலகைதான், அது மூன்று தரம் மாறிவிட்டது.

ஆனால் கருமாதி விஷயத்தில் நிலையத்தை யாராலும் அசைக்க முடியாது. கோயிலிலிருந்து குருக்கள் ரியோகாய் வந்து மணியடித்து மந்திரம் சொல்வார். செத்த மரம் ஒவ்வொன்றுக்கும் மறுமைப் பெயர் சூட்டி, அதைக் கறுங்கல்லில் பொறித்து வைப்பார்கள். முன்பே கருமாதி முடிந்த ஏழாம் எண் மரத்துக்கு 'பேரொளி தாங்கி மெய்யுணர்ந்த பசுங்கனிப் பெருந்தகை' என்று பெயர். தொபிதாவின் சொந்த அப்பாவுக்கே இதில் பாதி நீளம்தான் கிடைத்தது.

அந்த வருஷம் இயக்குநர் ஹனாவா மேடையேறி, மண்கரையைப் பார்த்து உரையாற்றினார்.

"மரங்களே! நீங்கள் வாய் திறந்து ஒரு முறையீடு செய்ததில்லை. விடுப்புக் கேட்டதில்லை. ஏன் என்னை இங்கே நட்டீர்கள் என்று வினவியதில்லை. நின்ற இடத்தில் நின்றீர்கள், எந்தப் பலனும் தராமல் காலத்தைக் கடத்தினீர்கள், அமைதியாக ஓய்வு பெற்றீர்கள். இந்நிலையத்தின் ஊழியர் ஒவ்வொருவருக்கும் நீங்களே வழிகாட்டி!"

ஊழியர்கள் தலை குனிந்தார்கள். இரண்டொருவர் மூக்கை உறிஞ்சினார்கள்.

தொபிதாவின் மனசு உரையில் இல்லை. அந்த வருஷம் மழைக்காலம் விடவே மாட்டேன் என்று அடம்பிடித்ததில் கரும்புள்ளி நோய் அவருடைய தோட்டத்தில் புகுந்துவிட்டது. அவருடையது பச்சைப் பேரி. தோல் மெலிசு, சாறு அதிகம், வாயில் வைத்தால் கரையும். ஆனால் கரும்புள்ளி என்றால் அதற்கு உயிர்போகும். இலையில் மிளகு தூவிய மாதிரி ஆரம்பித்து, காயில் ஏறி, காய் வெடித்து விழும். மருந்தடித்து மருந்தடித்து அவருக்கே நாக்கு மரத்துப்போனது. ஒவ்வொரு காய்க்கும் காகிதப்பை கட்டினார், பைக்குள்ளேயே அழுகியது. அடுத்த கோடையிலும் புள்ளி தெரிந்தால் தோட்டத்தை அடியோடு வெட்டி எரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அக்கம்பக்கத்துத் தோட்டமெல்லாம் போய்விடும் என்று கூட்டுறவுச் சங்கத்தில் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. அதுதான் அவருக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

உரை முடிந்து, சங்கு ஊதுமுன் ஊதுவத்தி வைக்கக் கரைக்குள்ளே அழைத்துப்போனார்கள். செத்த வளையத்துக்கு யாரும் போவதில்லை, தூரத்துப் பாதையில் நின்றபடியே கும்பிட்டுவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். தொபிதா கும்பிட்டு நிமிர்ந்தார். நரைத்த குச்சிகளாக நின்ற மரங்களுக்கு நடுவே ஒன்றில் ஒரே ஒரு கிளை பச்சையாக இருந்தது. எண் பலகை ஏழு. கண்ணைக் கசக்கிக்கொண்டு வேலிவரை போய்ப் பார்த்தார். இலையில் ஒரு புள்ளி இல்லை. பை கட்டாமல், மருந்து படாமல், ஒரு காய் சுத்தமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காட்டுப்பேரிக்குக்கூடப் புள்ளி வந்த வருஷம் அது.

தொபிதா பக்கத்தில் நின்ற பிரிவுத் தலைவர் ஓக்குதைராவின் கையைப் பிடித்தார்.

"ஓக்குதைரா சான், ஏழாம் நம்பர் உயிரோட இருக்கு!"

ஓக்குதைரா அவர் முதுகை மெதுவாகத் தடவிக்கொடுத்தார். "புரியுது தொபிதா சான். இழந்தவங்களுக்கு அப்படித்தான் தோணும். எங்க மாமியார் போனப்போ அவங்க சமையல்கட்டுல நிக்கிற மாதிரியே எனக்கு இருந்துச்சு."

"தோணலைங்க. இலை இருக்கு. காய் தொங்குது."

"எங்க மாமியார் பேசவே செஞ்சாங்க" என்றார் ஓக்குதைரா.

வீட்டுக்கு வந்து மனைவி ஹருயோவிடம் சொன்னார். அவள் மருந்தடிக்கும் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"புள்ளி இல்லாத கிளையைக் கண்ணால பார்த்துட்டு, கையை வீசிக்கிட்டு வந்து நிக்கிறீங்களே, நீங்கல்லாம் ஒரு மனுஷனா?"

"சொன்னேன்டி. தேயிலை கொடுத்து அனுப்பிட்டாங்க."

"அப்ப அந்தத் தேயிலையைக் கொண்டுபோய் மரத்துல ஒட்டுக் கட்டுங்க. நல்லாக் காய்க்கும்."

"கரையேறிக் குதிச்சு ஒரு குச்சியை ஒடிச்சுக்கிட்டு வந்திரலாமான்னுகூட யோசிச்சேன்."

"போங்களேன். நடுக்கம்பத்துக்குப் பக்கத்துல நல்லா நின்னுட்டு வாங்க. இருபது வருஷமா நானும் உங்களை மாத்தப் பார்த்து ஓஞ்சுட்டேன், அந்தக் கோபால்ட்டாவது மாத்துதான்னு பார்ப்போம்."

திட்டினாலும் அவள் கணக்கு தெளிவு. பனிக்காலத்தில் மரம் தூங்கும்போது குச்சி வெட்ட வேண்டும். பாசியில் சுற்றிக் குளிர்ச்சியாக வைத்திருந்து, வசந்தத்தில் தோட்டத்து மரங்களின் தலையை வெட்டி அதில் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் சங்கத்தில் தவணை கேட்கலாம், தோட்டம் தப்பும். மொட்டு கண்விழிப்பதற்குள் குச்சி கைக்கு வந்தாக வேண்டும்.

தொபிதா நிலையத்துக்கு நடையாய் நடந்தார். முதல் நாள் வரவேற்பறையில் தேநீர் கொடுத்தார்கள். இரண்டாம் தரம் போனபோது தேநீரோடு ஆழ்ந்த அனுதாபமும் கொடுத்தார்கள். மூன்றாம் தரம் ஓக்குதைரா எதிரே உட்கார்ந்து விளக்கினார்.

"அந்த வளையத்துல விழற கதிருக்குப் பேரிமரம் ஏழு வருஷம் தாங்கும். எட்டாவது வருஷம் செத்துரும். அதனால எட்டாவது வருஷம் கருமாதி வச்சுடுவோம்."

"போய்ப் பார்த்துட்டுத்தானே வைப்பீங்க?"

"சாகற நேரத்துல போய் முகத்தை முகத்தைப் பார்க்கிறது நாகரிகமா தொபிதா சான்?"

"ஆனா சாகலையேங்க. மாறிப்போயிருக்கு. புள்ளி வராத கிளை அது. இதுக்காகத்தானே முப்பது வருஷமா உட்கார்ந்திருக்கீங்க?"

ஓக்குதைரா கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "இந்த அஞ்சு வருஷத் திட்டத்துல நாங்க குட்டைமரம்தான் எதிர்பார்க்கிறோம். புள்ளி வராத மரம் அடுத்த திட்டத்துல. இப்பவே வந்து நின்னா அதை எங்க வைக்கிறது?"

"திடீர்னு மாறுறதுதானே திடீர்மாற்றம்?"

"யாரு வேணாம்னா? தாராளமா திடீர்னு மாறட்டும். சொன்ன தேதியில திடீர்னு மாறணும். அவ்வளவுதான்."

தொபிதா பேந்தப் பேந்த விழித்தார். ஓக்குதைராவுக்கே இரக்கம் வந்துவிட்டது.

"இங்க பாருங்க, உங்களைக் குடும்பமா நினைச்சுச் சொல்றேன். மரம் செத்ததா இல்லையாங்கிறது விஞ்ஞானப் பிரச்சினை. அதை எப்ப வேணாலும் பார்த்துக்கலாம், அவசரமே இல்ல. ஆனா ஏழாம் நம்பர் கருமாதியில முன்னாள் இயக்குநர் கண்ணீர் விட்டு அழுதார். பேப்பர்ல படம் வந்துச்சு. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அமைச்சகத்துல அவருக்கு ஆலோசகர் பதவி கொடுத்தாங்க. இப்ப மரம் உயிரோட இருக்குன்னு நான் எழுதினேன்னா அவர் எதுக்கு அழுதார்னு ஆகும்? அது நிர்வாகப் பிரச்சினை."

ஆனாலும் குடும்பத்தார் மூன்று தரம் வந்து கேட்டுவிட்டால் ஒரு குழு போய்ப் பார்த்தாக வேண்டும் என்று விதி இருந்தது. ஒரு நாள் காலை, கோபால்ட் இறங்கியிருக்கிற நேரத்தில், வெள்ளைத் தலைக்கவசமும் வெள்ளைக் கையுறையும் போட்ட குழு வரிசையாகப் புறப்பட்டது. யார் முன்னே போவது என்று பதவிப்படி தீர்மானிப்பதில் பாதிக் காலை போய்விட்டது. பின்னாலேயே தொபிதா.

குழு மரத்தின் முன் நின்றது. கிளை பச்சையாக இருந்தது. காய் தொங்கியது. காற்றில் இலை ஆடியது. இயக்குநர் ஹனாவா எந்தப் பக்கம் தலையசைக்கப் போகிறார் என்று எல்லோரும் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹனாவாவின் கழுத்து அசையவில்லை.

கடைசியில் ஓக்குதைரா துணிந்து காயைப் பறித்தார். தோல் சீவி, துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டிலும் பல்குச்சி செருகி, ஹனாவாவிடம் முதலில் நீட்டினார். ஹனாவா மென்றார். அவர் முகம் மலர்ந்தது. எல்லோரும் மென்றார்கள். தொபிதாவுக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். நாக்கில் பட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் தோட்டத்துப் பேரி நோய் வருவதற்கு முன்னால் எப்படி இருந்ததோ அதே ருசி.

"அருமை" என்றார் ஹனாவா. "இவ்வளவு நல்ல பழத்தை யாரோ படையல் வச்சிருக்காங்க."

"படையலா?" என்று தொபிதா திகைத்தார். "மரத்துல காய்ச்சுத் தொங்குனதுங்க! இப்பத்தானே காம்போட பறிச்சார்!"

"கயிறு இல்லாம இவ்வளவு நேர்த்தியாத் தொங்கவிட்டிருக்காங்கன்னா, துக்கம் எவ்வளவு ஆழமா இருக்கணும்!" என்றார் ஹனாவா. குழுவினர் அனைவரும் மரத்தை நோக்கிக் கைகூப்பினார்கள். ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது.

இலை விஷயம் மட்டும் பாக்கி நின்றது. அதற்கு ரியோகாய் குருக்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். குருக்கள் வெளிப்படையான ஆள். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, கிளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார்.

"உயிரோடதான் இருக்கு. எனக்கே தெரியுது" என்றார்.

தொபிதா அவர் காலில் விழாத குறை. "அப்ப நீங்களே சொல்லிடுங்க சாமி! செத்தது சாகலைன்னு!"

"என்னப்பா விளையாடறியா? நான் பேர் வச்சா வச்சதுதான். அவர் மேலுலகத்துல ரெண்டு படி ஏறியிருப்பார். இப்ப இறங்கி வாங்கன்னு எப்படிச் சொல்றது? அப்புறம் ஊர்ல ஆளாளுக்கு எங்க அப்பாவைத் திருப்பிக் கொடுன்னு வந்து நிப்பான்." குருக்கள் புகையை விட்டார். "ஒண்ணு வேணா செய்யலாம். இன்னொரு தரம் சாகட்டும். அதுக்கு நான் காசு வாங்கிக்க மாட்டேன்."

இலையுதிர்ந்து பனி விழத் தொடங்கியது. நிலையம் சங்கடத்தில் நெளிந்தது. ஊருக்குள் வேறு பேச்சுக் கிளம்பிவிட்டது. பேரித்தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் கரும்புள்ளி ஒரு கிலி. "அந்தக் கிளை கிடைச்சா எனக்கும் ரெண்டு குச்சி கொடுய்யா" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் தொபிதாவிடம் சொல்லிவைத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை ஹனாவாவே ஓக்குதைராவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கையில் இனிப்புப் பெட்டி. உள்ளே வந்ததும் பாயில் மண்டியிட்டு, நெற்றி தரையைத் தொடக் குனிந்தார்கள். எழுந்திருக்கவே இல்லை. தொபிதாவுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் குனிந்தார். மூன்று தலைகளும் தரையில் கிடக்க, ஹருயோ மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"உங்க குடும்பத்துக்கு ஏற்பட்ட இழப்பு சரியானபடி ஏற்படாமப் போனதுக்கு நிலையத்தின் சார்பா மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்றார் ஹனாவா தரையைப் பார்த்தபடி. "இனிமே இப்படி நடக்காது. எந்த மரமும் உயிர் பிழைக்காத மாதிரி தக்க ஏற்பாடு செய்யறோம்."

"மன்னிப்பு கிடக்கட்டும்" என்றாள் ஹருயோ. "ஏழாம் நம்பர் உயிரோட இருக்கா, செத்துப்போச்சா? ஒண்ணு சொல்லுங்க."

"காலமாயிட்டார்மா."

"சரி. செத்துப்போச்சுன்னா பிணம் யாருக்குச் சொந்தம்?"

ஹனாவா தலையைத் தூக்கினார்.

"சொல்லுங்க. எங்களைக் குடும்பத்தார்னு முன்வரிசையில உட்கார வச்சீங்க. பூ குத்தி விட்டீங்க. தேயிலை கொடுத்தீங்க. செத்தவங்க உடம்பைக் குடும்பத்துக்கிட்ட கொடுக்காம அலுவலகத்துல வச்சுக்கிற வழக்கம் எந்த ஊர்ல இருக்கு? கொடுத்துடுங்க, நாங்க எடுத்துட்டுப் போறோம்."

தொபிதா மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளை அப்படிப் பார்த்ததில்லை.

ஓக்குதைரா, "இதுக்கு முன்னுதாரணம்..." என்று இழுத்தார். ஹனாவா கையமர்த்தினார். அவர் முகத்தில் மெல்ல வெளிச்சம் பரவியது. பிணத்தைக் குடும்பத்தார் கேட்டு வாங்கிக்கொண்டால் மரம் செத்ததைக் குடும்பமே ஒப்புக்கொண்டதாக ஆகிறது. முன்னாள் இயக்குநர் அழுதது நியாயமாகிறது. கல்லில் பொறித்தது நிலைக்கிறது. வளையமும் காலியாகிறது. அவர் மறுபடி நெற்றியைத் தரையில் வைத்தார்.

"குடும்பத்தாரோட உரிமையை நாங்க எப்படி மறுக்க முடியும்? சகல மரியாதையோடயும் ஒப்படைக்கிறோம்."

அவர்கள் போனதும் தொபிதா இனிப்புப் பெட்டியைப் பிரித்து இரண்டை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டார். "அடி ஹருயோ! உன் மூளைக்கு நீ அமைச்சகத்துல இருக்கணும்டி!"

"சீ, வாயைக் கழுவுங்க" என்றாள் அவள். ஆனால் அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

பனி இறுகி மரமெல்லாம் உறங்கும் நாளாகப் பார்த்து நிலையம் தேதி குறித்தது. ஒட்டுக்குச்சி வெட்ட அதைவிட நல்ல நாள் இல்லை. தொபிதா ஒட்டுக்கத்தியைத் தீட்டினார். பாசி ஊறவைத்தார், நாடாவும் மெழுகும் வாங்கினார். தோட்டத்துக்குள் நடந்து எந்தெந்த மரத்தின் தலையை வெட்டிக் கட்டுவது என்று சிவப்புத் துணி கட்டி வைத்தார். ஹருயோ, முதலில் அப்பா நட்ட மூத்த மரத்தில் கட்டுங்கள் என்றாள். இவர் இல்லை, வாலிப மரம்தான் சீக்கிரம் பிடிக்கும் என்றார். இரண்டு பேரும் ஒரு வாரம் அதற்காகச் சண்டை போட்டார்கள். வீட்டில் அவ்வளவு சந்தோஷமான சண்டை வெகுநாளாக நடக்கவில்லை.

அன்றைக்கு இருவரும் கறுப்பு உடையில், பின்னால் பாசித்தொட்டியும் கோணியும் ஏற்றிய சின்ன லாரியில் குன்றின் மேல் ஏறினார்கள். நிலையத்து வாசலில் ஊழியர் எல்லோரும் கறுப்பில் இருபுறமும் வரிசைகட்டி நின்று குனிந்தார்கள். உள்முற்றத்தில் வெள்ளைத்துணி விரித்த மேசை. அதன் மேல் ஒரு வெள்ளைப் பீங்கான் ஜாடி.

"ஜாடி எதுக்கு? அதுக்குள்ள மரம் புகுமா?" என்று ஹருயோ முணுமுணுத்தாள்.

தொபிதா மூக்கைச் சுளித்தார். முற்றத்துக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. குப்பைப் புகை இல்லை. பேரிக்கட்டை எரிந்தால் லேசாகத் தித்திப்பு வாசம் வரும், அது அவருக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த வாசம். அவர் நடையை எட்டிப் போட்டார். பிறகு ஓடினார்.

சுவரோரமாக நிலையத்தின் எரியுலை கனன்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் ஹனாவா கைகட்டி நின்றார். ஓக்குதைராவின் முகமெல்லாம் கரி.

"மரம் எங்க?" என்று கத்தினார் தொபிதா.

"உள்ளதான் இருக்கார்" என்றார் ஓக்குதைரா பணிவாக.

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. இந்த நாட்டில் எந்தக் குடும்பத்துக்கும் யாரும் பிணத்தைக் கையில் கொடுத்தனுப்புவதில்லை. எரித்து, எலும்பைக் குச்சியால் பொறுக்கவிட்டு ஜாடியில்தான் கொடுப்பார்கள். பெற்ற அப்பனுக்கும் அதைத்தான் செய்தார்கள். சகல மரியாதையோடும் என்று ஹனாவா சொன்னபோதே புரிந்திருக்க வேண்டும். ஹருயோ வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஓக்குதைரா முன்வந்து இடுப்பு வளையக் குனிந்தார். அவருக்குப் பின்னால் ஊழியர் அத்தனைபேரும் ஒரே சாய்வில் குனிந்தார்கள்.

"நேரமானதுக்கு மன்னிக்கணும். நீங்க வர்றதுக்குள்ள முடிச்சுடணும்னுதான் பார்த்தோம். பொதுவா அந்த வளையத்து மரமெல்லாம் உள்ள போட்டதும் குபீர்னு பத்திக்கும். இதுலயும் மத்ததெல்லாம் பத்திக்கிச்சு. ஒரு கிளை மட்டும் ஒரே ஈரம். சாறு வடிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. மண்ணெண்ணெய் ஊத்தியும் சரியா வேகலை. தயவுசெய்து கொஞ்சம் பொறுத்துக்கணும்."

பிறகு அவர் இருவர் கையிலும் ஆளுக்கொரு ஜோடி நீளக் குச்சிகளைக் கொடுத்தார். இரண்டு பேராகச் சேர்ந்து பிடித்து எடுக்க வேண்டும் என்றும், வேர்ப்பக்கத்துக் கரியை முதலில் ஜாடியில் போட்டு நுனிக்கரியை மேலே வைக்க வேண்டும் என்றும், இல்லாவிட்டால் இறந்தவர் ஜாடிக்குள் தலைகீழாக நிற்க நேரும் என்றும் விளக்கினார். ஓர் ஊழியர் உலையின் கதவைத் திறந்தார்.

கதவோரமாகவே கிடந்தது அந்தக் கிளை. வெட்டுவாயில் நுரை தள்ளிச் சீறிக்கொண்டிருந்தது. தொபிதா குச்சிகளை வீசியெறிந்துவிட்டு, வெறுங்கையை நெருப்புக்குள் விட்டு அதைப் பிடுங்கி வெளியே இழுத்தார். கோட்டுக்கை பொசுங்கியது. உள்ளங்கைத் தோல் பட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. முழங்கால் போட்டு உட்கார்ந்து, நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார். நுனியெல்லாம் போய்விட்டது. அடியில் ஒரு சாண் மட்டும் இன்னும் பச்சையாக இருந்தது. அதில் இரண்டு மொட்டு, இறுக மூடியபடி.

"இருக்கு! ஹருயோ, இருக்குடி! கத்தி! கத்தியை எடு, பாசியைக் கொண்டா!"

ஹருயோ லாரியை நோக்கி ஓடினாள்.

ஊழியர்கள் பதறிப்போனார்கள். ஓக்குதைராவின் முகம் வெளுத்தது.

"தொபிதா சான்! என்ன காரியம் செய்யறீங்க! கையாலயா எடுப்பாங்க? குச்சியால எடுக்கணும்! ரெண்டு பேராச் சேர்ந்து!"

"விடுய்யா! உயிர் இருக்குய்யா இதுல!"

"துக்கத்துல அவருக்குத் தலைகால் புரியலை" என்றார் ஹனாவா மிகுந்த கனிவோடு. "யாராவது தாங்கிப் பிடிங்க."

நான்கு பேர் தொபிதாவைத் தோளோடு அணைத்துத் தாங்கிப் பிடித்தார்கள். அழுத்தமாகவே பிடித்தார்கள். ஓக்குதைராவும் இன்னொருவரும் குனிந்து, ஆளுக்கொரு ஜோடி குச்சியால், கிளையின் இரு முனையையும் ஒரே நேரத்தில் பிடித்துத் தூக்கினார்கள். கொஞ்சமும் நழுவவிடாமல், முறை தவறாமல், அதை உலைக்குள் கொண்டுபோய் நடுநெருப்பில் வைத்தார்கள். கதவைச் சாத்திவிட்டுக் குனிந்து வணங்கினார்கள். தொபிதா போட்ட சத்தத்தில் மண்கரையிலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன.

ஹருயோ ஒரு கையில் கத்தியும் மறுகையில் சொட்டச்சொட்டப் பாசியுமாக ஓடி வந்தாள். சாத்திய கதவைப் பார்த்தாள். புருஷனின் கையைப் பார்த்தாள். பாசியை அந்தக் கையில் வைத்து அழுத்திக் கட்டிவிட்டு, ஹனாவாவின் எதிரே வந்து நின்றாள்.

"இப்பத்தான்யா அது செத்துது. அழறதா இருந்தா இப்ப அழுங்க."

ஹனாவா கண்ணாடியைக் கழற்றி, அதில் படிந்த கரியைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"அதுக்கு ஏற்கெனவே அழுதாச்சும்மா" என்றார்.